நாலாம் பிறை பார்க்காமலே

ஐந்து தோழிகள். கல்லூரி நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட கூட்டம். சேர்ந்து ஏற்காடு போகிறார்கள். ஒரே காட்டேஜ், இரண்டு ராத்திரி. வீடு திரும்பிய மறுநாள் ஒருத்தியின் இரண்டு பவுன் செயினைக் காணோம். வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்கப் பரபரப்பு: "பையை உதறிப் பாரு", "பாத்ரூம்ல கழட்டி வச்சியா?", "காட்டேஜுக்குப் போன் போடு." அடுத்த நாள் பேச்சு குறைகிறது. அதற்கடுத்த நாள் குழுவே ஊமை. அந்த ஐவரில் ஒருத்தியான உங்களுக்கு அப்புறம்தான் தெரியவருகிறது, நீங்கள் இல்லாமல் இன்னொரு குழு ஆரம்பித்து நால்வரும் அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று. ஒருத்தி மட்டும் மனசு கேட்காமல் போன் பண்ணுகிறாள்: "தப்பா எடுத்துக்காதடி. தெரியாம உன் பையில வந்துருச்சான்னு ஒரு தடவை பாரேன்."

இது நான் கட்டிய கதைதான். ஊரையும் பொருளையும் மாற்றிப் பாருங்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் காணாமல் போன ஐயாயிரம் ரூபாய், கல்யாண மண்டபத்தில் மணமகள் அறையிலிருந்து மாயமான மோதிரம், ஹாஸ்டலில் தொலைந்த போன் என்று உங்களுக்குத் தெரிந்த யாருக்கோ நடந்ததாக இருக்கும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லவேண்டியது கொஞ்சம் நீளம்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுவோம். இங்கே இருப்பது இரண்டு சிக்கல். செயின் எங்கே போனது என்பது ஒன்று. இத்தனை வருஷப் பழக்கத்துக்குப் பிறகும் உங்களைப் போய் எப்படிச் சந்தேகப்பட்டார்கள் என்பது இன்னொன்று. வலிப்பது இரண்டாவதுதான். அதனால் பழி சுமந்தவர்கள் நேராக அதை நோக்கித்தான் ஓடுகிறார்கள். "என்னைத் தெரியாதா உங்களுக்கு?" என்று அழுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பழைய உதவிகளை எல்லாம் எடுத்துச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் எதிரே இருப்பவர்கள் கணக்குப் போடுவது செயினைப் பற்றி. நீங்கள் குணத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், அவர்கள் பொருளைப் பற்றி யோசிக்கிறார்கள். இரண்டு பேச்சும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நட்பின் கணக்கை மூடி வையுங்கள், அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் செயின்.

சொல்வது எளிது, கோபம் வராமலா இருக்கும் என்பீர்கள். வரும், வரவேண்டும். ஆனால் அந்தக் கோபம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2021-இல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' இதழில் கேத்தரின் டிசெல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் இதைப் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் கோபப்பட்டால், பார்ப்பவர்கள் அவரையே குற்றவாளி என்று நினைக்கிறார்களாம். மோசடி விசாரணை போன்ற வேலையில் இருப்பவர்களும் இதில் விலக்கில்லை. இன்னொரு பக்கம், உண்மையாகவே தப்பு செய்து மாட்டியவர்களைவிடப் பொய்யாகப் பழி சுமத்தப்பட்டவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக வருகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. நிரபராதி என்பதற்கான அடையாளமே அவனைக் குற்றவாளி ஆக்குகிறது. "திருடினவன்தான் இப்படிக் குதிப்பான்" என்று நம் ஊரில் சொல்வார்களே, அது அப்படியே தலைகீழ்.

"என் கண்ணைப் பார்த்தாலே தெரியாதா?" என்று கேட்பதிலும் பயனில்லை. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006-இல் பொய்யைக் கண்டுபிடிக்கும் திறன் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்று பேச்சையும் முகத்தையும் வைத்து மனிதர்கள் சரியாகச் சொல்வது சராசரியாக 54 விழுக்காடு. காசைச் சுண்டிவிட்டால் 50 கிடைக்கும். உங்கள் தோழிகள் உங்கள் முகத்தில் படித்ததாக நினைப்பதும் ஏறக்குறைய அந்த லட்சணம்தான்.

சரி, ஐந்து பேரில் ஏன் உங்கள் மேல்?

இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் எப்போதும் சரிவு பார்த்துத்தான் ஓடும். வீட்டில் நகை காணாமல் போனால் முதல் பார்வை வேலைக்கு வரும் அக்காவின் மேல் விழுகிறது. அறையில் பணம் போனால் கடைசியாக வந்து சேர்ந்த பையன். தோழிகள் கூட்டத்தில் என்றால், கையில் காசு இல்லாதவள். டூருக்கான பங்கைப் பிறகு தருகிறேன் என்றவள், போன வருஷம் ஒருத்தியிடம் கைமாற்று வாங்கியவள், வீட்டுக்காரருக்கு வேலை போனவள். சில கூட்டங்களில் சாதியும் சத்தமில்லாமல் இந்தக் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் உங்களை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வரவில்லை. "யாருக்குப் பணத்தேவை இருந்தது?" என்று கேட்டார்கள், உங்கள் பெயர் வந்தது. பெயர் வந்துவிட்டால் அப்புறம் எல்லாமே பொருந்தும். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தீர்கள். செயினைத் தொட்டுப் பார்த்து "டிசைன் நல்லா இருக்குடி" என்றீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதிகம் பேசவில்லை. மற்ற நால்வரும் இவற்றில் ஏதோ ஒன்றைச் செய்திருப்பார்கள். அதெல்லாம் யாருக்கும் நினைவில் இருக்காது.

இந்த வலி புதிதில்லை. விநாயகர் சதுர்த்தி அன்று நிலாவைப் பார்க்காதே என்று பாட்டி கண்ணைப் பொத்தியிருப்பாரே, அதற்குப் பின்னால் இருப்பது ஒரு நகைத் திருட்டுப் பழிதான். நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பார்கள். கண்ணனே அதைப் பார்த்துத்தான் திருட்டுப் பழி சுமந்தான் என்பது கதை.

அந்தக் கதையில் வரும் சியமந்தக மணி சத்ராஜித் என்பவனுடையது. அதை அரசர் உக்கிரசேனருக்குக் கொடுக்கலாமே என்று கண்ணன் ஒரு முறை கேட்டிருந்தான், சத்ராஜித் மறுத்துவிட்டான். பிறகு சத்ராஜித்தின் தம்பி பிரசேனன் மணியை அணிந்துகொண்டு வேட்டைக்குப் போனான், திரும்பவில்லை. கண்ணன்தான் கொன்று எடுத்திருப்பான் என்று அண்ணன் சொல்ல, அது காதோடு காதாகத் துவாரகை முழுக்கப் பரவியது. சாட்சி என்ன? முன்பு அவன் அதைக் கேட்டான், அவ்வளவுதான். உங்கள் "டிசைன் நல்லா இருக்குடி" மாதிரி.

கண்ணன் செய்ததைக் கவனியுங்கள். சபையில் நின்று தன் பெருமையைப் பேசவில்லை. சத்ராஜித்தோடு சண்டைக்கும் போகவில்லை. ஊர்க்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு பிரசேனன் போன வழியில் போனான். பிரசேனனும் குதிரையும் செத்துக்கிடந்த இடத்தை, கொன்ற சிங்கத்தின் தடத்தை, அந்தச் சிங்கத்தையும் கொன்ற கரடியின் தடத்தை எல்லாம் அவர்களும் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். குகைக்குள் மட்டும் தனியாகப் போய், அந்தக் கரடியான ஜாம்பவானோடு மோதி மணியை மீட்டான். மீட்டதை சத்ராஜித் வீட்டில் தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அரசர் முன்னிலையில், சபையில், நடந்ததைச் சொல்லிக் கொடுத்தான். எந்த ஊர் பழித்ததோ அந்த ஊரின் முன்னால்.

எனக்கு அதற்குப் பிறகு வரும் பகுதிதான் இன்னும் பிடிக்கும். அதே மணி மறுபடி களவு போகிறது. சததன்வா என்பவன் சத்ராஜித்தைக் கொன்று எடுத்துக்கொண்டு, அக்ரூரர் என்பவரிடம் கொடுத்துவிட்டு ஓடுகிறான். கண்ணன் துரத்திப் பிடித்துக் கொன்று பார்த்தால் மணி அவனிடம் இல்லை. இதை அண்ணன் பலராமனிடம் சொல்கிறான். பலராமன் நம்பவில்லை. கூடப் பிறந்தவன், கூடவே துரத்தி வந்தவன்! கோபித்துக்கொண்டு மிதிலைக்குப் போய், சில வருஷம் அங்கேயே இருந்துவிட்டான் என்கிறது விஷ்ணு புராணம். ஒரு தடவை நிரூபித்தவன்மேலும் மறு தடவை சந்தேகம் வரும். நெருக்கம் அதைத் தடுத்துவிடாது. இதைத் தெரிந்துகொண்டால் "எனக்கு மட்டும் ஏன்" என்ற கேள்வியின் கூர்மை கொஞ்சம் மழுங்கும்.

இனி தடம் பிடிக்கும் வேலை. சந்தேகத்தைச் சுற்றி வளைக்காமல் உங்களிடமே கேட்டது, போன் செய்தவள் ஒருத்திதான். அவளிடமே ஆரம்பியுங்கள். கேட்கவேண்டிய கேள்விகள் சாதாரணமானவை. செயினைக் கடைசியாக எப்போது, யார் பார்த்தார்கள்? அதற்குப் பிறகு எடுத்த போட்டோ எதிலாவது கழுத்தில் இருக்கிறதா? டூரில் எடுத்த படங்களில் நேரம் பதிவாகியிருக்கும், ஐந்து போனையும் சேர்த்தால் நூற்றுக்கணக்கில் தேறும். காணோம் என்று கவனித்தது எத்தனை மணிக்கு? இடையில் அறைக்கு வந்தவர்கள் யார், காட்டேஜ் வாசலில் கேமரா உண்டா? திரும்பியபின் வீட்டில் அந்தப் பையைத் தொட்டவர்கள் யார்? அன்று நீங்கள் எங்கெங்கே இருந்தீர்கள் என்பதை நினைவு கலங்குவதற்குள் ஒரு தாளில் எழுதிவையுங்கள், ஜிபே, போன்பே செலவுப் பட்டியலோடு.

கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது நிதானம் வேண்டும். காணாமல் போன நகை, சொந்தக்காரியின் பீரோவில் புடவை மடிப்புக்குள் கிடப்பதும் உண்டு, வீட்டிலேயே ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் அடகுக் கடைக்குக் கொண்டுபோயிருப்பதும் உண்டு. அதற்காக "உன் புருஷன்தான் எடுத்திருப்பார்" என்று நீங்கள் கிளம்பிவிடக்கூடாது. உங்களுக்குச் செய்ததை இன்னொருவருக்குச் செய்வதாகிவிடும். நகை அண்மையில் வாங்கியது என்றால் பில்லைத் தேடச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு கட்டாயம். ஒவ்வொரு நகைக்கும் தனித்தனிக் குறியீடு. எங்காவது விற்கவோ அடகு வைக்கவோ கொண்டுபோனால் இன்னார் நகை என்று அடையாளம் காட்ட அது உதவும். கண்ணகி சிலம்பை உடைத்து உள்ளிருந்த மாணிக்கத்தைக் காட்டவேண்டியிருந்தது. இங்கே எதையும் உடைக்கவேண்டியதில்லை.

செய்யக்கூடாதவை என்று சிலது. பணம் கொடுக்காதீர்கள். "சரி, பாதிக் காசு நான் தர்றேன், விட்டுடுங்க" என்று சமாதானத்துக்காகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த நிமிஷமே அது வாக்குமூலம் ஆகிவிடும், இருபது வருஷம் கழித்தும் "அவளே ஒத்துக்கிட்டு பணம் குடுத்தா" என்பார்கள். ஐந்து பேரும் சமமாகப் பங்கு போட்டு இழப்பை ஈடுகட்டுவது வேறு விஷயம், அது நல்ல மனசு. பையைச் சோதிக்கவேண்டும் என்றால் ஐந்து பையையும் சேர்த்துத் திறக்கட்டும். உங்கள் பை மட்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

சத்தியம் கேட்பார்கள். சூடம் ஏற்றி அடித்துச் சொல், பிள்ளை தலையில் கை வைத்துச் சொல் என்பார்கள். நம்புகிறவர்கள் கோயிலுக்குப் போகட்டும். கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோயிலில் காசு வெட்டிப் போடுகிறார்கள், ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். பொருளைப் பறிகொடுத்தவர்களும் போகிறார்கள், பழி சுமந்தவர்களும் போகிறார்கள். மனசின் பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும்தானே, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பழிக்குப் பதிலாகச் சத்தியம் செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள். நம்புவதில்லை என்று முடிவெடுத்தவர்கள் சத்தியத்தையும் நம்பமாட்டார்கள். அடுத்த மாதம் உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பேச்சு எங்கே போகும் என்று யோசியுங்கள். வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவரிடம் போகலாம் என்று யாராவது கிளம்பினால், கூடப் போகவே போகாதீர்கள். மை காட்டுவது, கூட்டிப்போகிறவர் மனசில் ஏற்கெனவே இருக்கும் முகத்தைத்தான்.

போலீசைக் கண்டு நீங்கள் பயப்படவேண்டியதில்லை. சொல்லப்போனால், "ஸ்டேஷனில் எழுதிக் கொடு, நானும் கூட வர்றேன்" என்று நீங்களே சொல்வது நல்லது. அறைக்குள் குசுகுசுவென்று நடக்கும் விசாரணையில் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஸ்டேஷனில் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீதாவது கொடுப்பார்கள், அதற்குமேல் எல்லாவற்றுக்கும் ஒரு வழிமுறை இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதில் திருட்டுக்கு 303-ஆம் பிரிவு. மூன்று வருஷம் வரை சிறை. குடியிருக்கும் இடத்துக்குள் நடந்த திருட்டு என்றால் 305-ஆம் பிரிவு, ஏழு வருஷம் வரை. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது, கைது ஏன் தேவை என்று காரணம் எழுதவேண்டும், தேவையில்லை என்றால் ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் போகாமல் இருக்காதீர்கள். பெண்களை, விதிவிலக்கான சூழலில் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றால் தவிர, சூரியன் மறைந்து மறுபடி உதிக்கும்வரை கைது செய்யக்கூடாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் வைக்கமுடியாது.

வக்கீல் விஷயத்தில்தான் நல்லவர்கள் ஏமாறுகிறார்கள். "நான்தான் ஒண்ணுமே செய்யலையே, எனக்கு எதுக்கு வக்கீல்?" அமெரிக்காவில் சால் காசின் என்ற உளவியல் அறிஞர் 2004-இல் ஒரு சோதனை வெளியிட்டார். 100 டாலர் திருடியதுபோல் சிலரை நடிக்கவைத்து, சிலரைச் சும்மா போய்வரச் செய்து, பிறகு எல்லாரையும் விசாரித்தார்கள். மௌனமாக இருக்கும் உரிமையையும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையையும் விட்டுக்கொடுத்தவர்கள், திருடியதாக நடித்தவர்களில் 36 விழுக்காடு. ஒன்றும் செய்யாதவர்களிலோ 81. மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்ற தைரியம்தான் காரணம். ஆகவே ஒரு வக்கீலிடம் பேசிவிட்டுப் போங்கள். சட்ட உதவி வேண்டும் என்றால் 15100-க்கு அழைக்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசம். இந்த எண் பலருக்குத் தெரியவே தெரியாது.

வாட்ஸ்அப் குழுவில் "திருடி" என்று எழுதிவிட்டால்? அது அவதூறு. நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, இரண்டு வருஷம் வரை சிறையோ அபராதமோ. இதற்கு ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். கிடையாது, நீங்களே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கவேண்டும். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு என்றால் ஒரு வருஷத்துக்குள். ஆனால் நல்லெண்ணத்தோடு போலீசில் கொடுத்த புகாரை அவதூறு என்று சொல்லமுடியாது. எழுதப்பட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அதோடு நிற்காமல் அந்தப் போனையே பத்திரமாக வையுங்கள், அரட்டையை அழிக்காதீர்கள். வழக்குப் போடவேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலும் வேண்டாம் என்பேன். வருஷக்கணக்கில் அந்த நால்வரின் முகத்தைக் கோர்ட் வராந்தாவில் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். வேலை போகும், கல்யாணம் நிற்கும் என்கிற அளவுக்குப் பழி பரவினால் அப்போது கணக்கு வேறு.

ராத்திரியைப் பற்றியும் சொல்லவேண்டும். சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, மனசுக்குள் நால்வரோடும் வாதாடிக்கொண்டே இருப்பீர்கள். அந்தக் கூட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், முழுசாகச் சொல்லிவிடுங்கள். அம்மாவாக இருக்கலாம், ஆபீசில் கூட வேலை பார்ப்பவராக இருக்கலாம். ஊர் முழுக்கச் சொல்லாதீர்கள், கேட்கிற ஒவ்வொருவரும் ஒரு வாலைச் சேர்த்து அனுப்புவார்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் தலைகாட்டினாலும் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி-மானஸ் எண் அது, தமிழிலும் பேசுவார்கள். திருட்டுப் பழி தாங்காமல் உயிரை விட்டவர்கள் நம் ஊரில் உண்டு. இரண்டு பவுன் ஓர் உயிருக்கு ஈடே இல்லை.

செயின் கிடைத்துவிடலாம். "சாரிடி, சூட்கேஸ் லைனிங்குக்குள்ள இருந்துச்சு" என்று உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி வரும், கூடவே கைகூப்பும் படம் ஒன்று. அதை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். எந்தக் குழுவில் பேசினார்களோ அந்தக் குழுவிலேயே, யார் யாரிடம் சொன்னார்களோ அவர்களிடமெல்லாம், கிடைத்துவிட்டது, நாங்கள்தான் தப்பாக நினைத்தோம் என்று சொல்லச் சொல்லுங்கள். இது பழிவாங்கல் இல்லை. பழி நால்வர் காதில் விழுந்திருக்கும்போது மன்னிப்பு உங்கள் காதில் மட்டும் விழுந்தால், மற்றவர்கள் காதில் பழி அப்படியே இருக்கும். மூடி வைத்த நட்புக் கணக்கை இப்போது திறக்கலாம். நால்வரையும் ஒரே தராசில் வைக்கவேண்டியதில்லை. கேட்டவள் ஒருத்தி, கூட்டத்தோடு சும்மா இருந்தவள் ஒருத்தி, முதலில் உங்கள் பெயரை எடுத்தவள் ஒருத்தி. பொருளைத் தொலைத்தவளின் பதற்றத்தை மன்னிக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெயர் எடுத்துக்கொடுத்தவள் விஷயத்தில் எனக்கு அவ்வளவு தாராளம் இல்லை.

கிடைக்காமலே போய்விடவும் கூடும். அதுதான் கஷ்டம், ஏனென்றால் "இல்லை" என்பதை நிரூபிக்க வழியே கிடையாது. நான்கு கல்யாணத்தில், இரண்டு வளைகாப்பில் அவர்கள் எதிரே வருவார்கள். விஷயம் தெரிந்த யாராவது காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னதான் ஆச்சு அந்தச் செயின் விஷயம்?" என்று கேட்பார்கள். நீளமாகச் சொன்னால் வாதாடுவதுபோல் இருக்கும், எழுந்து போனால் ஒளிவதுபோல் இருக்கும். குரலை உயர்த்தாமல் இவ்வளவு சொன்னால் போதும்: "நான் எடுக்கலைக்கா. போலீஸ்ல எழுதிக் குடுங்கன்னு அன்னிக்கே சொன்னேன், கூட வர்றேன்னும் சொன்னேன். அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க." அதற்கு மேல் கேட்டால், சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள்.